எழுவாய் இல்லாத வரி

பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி புதன்கிழமை காலை பத்து நாற்பதுக்கு, ஆறாவது மாடி மொழிபெயர்ப்பு அறைக்கு, ‘பன்னிரண்டு தீவுகள்’ என்ற ஜப்பானிய வீடியோ விளையாட்டு வரிசையின் கடைசிப் பாகத்தின் கடைசி அத்தியாயம் வந்து சேர்ந்தது. மொத்தம் 1,914 வரிகள்.

வரிகளைச் சீட்டுக்கட்டுபோலக் குலுக்கி அனுப்பியிருந்தார்கள். எந்த வரியை யார் பேசுகிறார் என்று சொல்லும் கட்டம் காலியாக இருந்தது. முடிவு முன்கூட்டியே வெளியே கசிந்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. அந்த அறைக்குள் வருகிறவர்கள் கைபேசியை வாசலில் உள்ள இரும்புப் பெட்டியில் பூட்டிவிட்டு வர வேண்டும். காகிதமும் பேனாவும் கிடையாது. மூக்குச் சிந்திய காகிதத்தைக்கூட வெளியே போகும்போது காவலாளியிடம் விரித்துக் காட்ட வேண்டியிருக்கும் என்று கத்தரி சொல்வார்.

கத்தரி என்பது மொழிபெயர்ப்பாளருக்கு எதிர் மேஜையில் உட்கார்ந்திருந்த திருத்துநரின் பட்டப்பெயர். விளையாட்டில் பேச்சு வருகிற பெட்டிக்கு அகலம் இவ்வளவுதான் என்று அளவு உண்டு. கணினி தமிழின் புள்ளியையும் கொம்பையும் துணைக்காலையும் தனித்தனி எழுத்தாக எண்ணும். ஜப்பானியத்தில் நாலே எழுத்தில் முடிகிற பேச்சு தமிழில் கையைக் காலை நீட்டிப் படுத்துக்கொள்ளும். பெட்டிக்குள் அடங்காததை வெட்டுவது அவர் வேலை. “புள்ளிக்கெல்லாம் கணக்கு வெச்சா நான் எங்கம்மா போவேன்?” என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது தலையில் கைவைத்துக்கொள்வார்.

மொழிபெயர்ப்பாளருக்கு வயது நாற்பத்திரண்டு. வரிசையின் ஆறாம் பாகத்தில் தமிழ் சேர்க்கப்பட்ட நாளிலிருந்து, பதினைந்து வருடமாக, அவள்தான் செய்துவந்தாள்.

கதை ரொம்பச் சிக்கலானது இல்லை. ஒரு கடல், அதில் பன்னிரண்டு தீவுகள், ஒரு பாகத்துக்கு ஒரு தீவு. கடலின் மறுகோடியிலிருந்து வெண்மூட்டம் என்ற பனிப்புகை நகர்ந்து வந்து தீவுகளை ஒவ்வொன்றாக விழுங்கும். அது தொட்ட இடத்தில் மனிதர்கள், வீடுகள், பெயர்கள் எதுவும் மிஞ்சாது. விளையாடுகிறவர் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்ச் சண்டை போட வேண்டும். சண்டையைவிடப் பேச்சு அதிகம். மூன்றாம் பாகத்தின் முடிவில் படகோட்டி என்ற பாத்திரம் தனியாகப் படகை எடுத்துக்கொண்டு மூட்டத்துக்குள் போவான். மூட்டம் பின்வாங்கும். அவன் திரும்ப மாட்டான். அதற்குப் பிறகு ஒவ்வொரு பாகத்தின் முடிவிலும் கலங்கரை விளக்கில் இருக்கும் பெண், விளக்குக்காரி, அவனுக்காக விளக்கேற்றுவாள். அவ்வளவுதான். பாகம் முடிந்துவிடும். இருபத்தைந்து வருடமாக உலகம் முழுவதும் இந்த விளையாட்டைத் தொட்ட ஆட்களுக்கு இருந்த கேள்வி ஒன்றே ஒன்று: படகோட்டி திரும்பி வருவானா?

அவளுடைய அண்ணனுக்கும் அதே கேள்விதான்.

அண்ணன் லிப்ட் பழுது பார்ப்பவன். அவளைவிட ஐந்து வயது பெரியவன். முதல் பாகம் வந்தபோது அவனுக்குப் பத்தொன்பது வயது. யாரோ ஒருவரிடமிருந்து பழைய வட்டு ஒன்றை வாங்கி வந்து, ஒரு எழுத்துகூடத் தெரியாமல், பட்டியலில் ஏணி மாதிரி இருப்பது ‘சேமி’, குடை மாதிரி இருப்பது ‘மருந்து’ என்று வடிவத்தை வைத்தே இரண்டு பாகங்களை முடித்தான். மூன்றாம் பாகத்தில் படகோட்டி போகும்போது விளக்குக்காரியிடம் ஏதோ சொல்வான். நீளமான பேச்சு. அண்ணன் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தான். பிறகு பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த தங்கையைக் கூப்பிட்டு, “நீதான் நல்லாப் படிக்கிறியே, இவன் என்ன சொல்றான்னு கண்டுபிடி” என்றான். அவள் ஜப்பானிய மொழி படித்ததற்கு அதற்கு மேல் ஒரு காரணமும் இல்லை.

அவர்கள் ஒரே கட்டடத்தில் இருந்தார்கள். அவள் மூன்றாம் மாடி. அண்ணனும் அண்ணியும் ஐந்தாம் மாடி.

கோப்பு வருவதற்கு ஆறு நாள் முன்னால், அண்ணனுடைய ஸ்கேன் படத்தை வெளிச்சப் பலகையில் செருகிவிட்டு டாக்டரம்மா, “திரும்ப வந்துடுச்சு” என்றார். நிணநீர்ச் சுரப்பியில் வந்த புற்றுநோய். நான்கு வருடம் முன்னால் ஒருமுறை வந்து போயிருந்தது.

“அதுக்கு வழி மறக்கல பாருங்க,” என்றான் அண்ணன்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. “ஒரு மருந்து இருக்கு. அஞ்சு பேர்ல ஒருத்தருக்குக் கேக்குது. கேட்டா வருஷக் கடைசி வரைக்கும் இழுக்கலாம். ஆனா உடம்பு ரொம்பப் படும்.”

“வேணாம்னா?”

“ரெண்டு மாசம். நல்லா இருந்தா மூணு.”

“வேணாம் டாக்டர். போன தடவை பட்டதே ஏழு ஜென்மத்துக்குப் போதும்.”

அண்ணி ஜன்னல் வழியாக வண்டி நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், போட்டுக்கொண்டாள், மறுபடியும் கழற்றித் துடைத்தாள்.

விளையாட்டு வெளியாகும் நாள் அக்டோபர் ஒன்பது என்று ஏற்கெனவே அறிவித்திருந்தார்கள்.

கோப்பு வந்த அன்று மாலை அவள் ஐந்தாம் மாடிக்குப் போனாள். அண்ணன் சோபாவில் காலை நீட்டிப் படுத்திருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததுமே, “வந்துடுச்சா?” என்றான்.

“என்ன?”

“நடிக்காதே. கடைசி அத்தியாயம் வர்ற அன்னிக்கெல்லாம் உனக்கு மூஞ்சி பரீட்சைக்குப் போற மாதிரி இருக்கும். பதினஞ்சு வருஷமாப் பாக்கறேன்.”

“நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன். வாயைத் திறந்தா வேலை போயிடும்.”

“நான் யார்கிட்டப் போய்ச் சொல்லப்போறேன்? மேல போனா அங்க யாரும் இதை வெளையாடியிருக்க மாட்டாங்க.”

“சும்மா இருண்ணா.”

“ஒண்ணே ஒண்ணு. படகோட்டி வர்றானா, இல்லையா? ஆமா, இல்ல. தலையை ஆட்டு போதும்.”

“எனக்கே தெரியாது. எல்லாத்தையும் கலைச்சுப் போட்டு அனுப்பியிருக்காங்க.”

“அப்ப கண்டுபிடிச்சுச் சொல்லு. நான் அக்டோபருக்கு இருக்க மாட்டேன்ல. நீ சொன்னாத்தான் எனக்கு முடிவு.”

சமையலறையிலிருந்து அண்ணி, “நாப்பத்தேழு வயசுல பொம்மை வெளையாட்டுக்கு அழுவுறதைப் பாரு” என்றாள். குரல் பாதியில் நின்றுபோனது. குழாயைத் திறந்துவிடும் சத்தம் கேட்டது.

அண்ணன் வெறும் விளையாட்டுக்காரன் மட்டும் இல்லை. ஆறாம் பாகத்திலிருந்து, ஒவ்வொரு பாகமும் வெளியானபின், தங்கை எழுதியதைத் திரையைப் பார்த்துச் சத்தமாகப் படிப்பான். “இப்படி எந்த மனுஷன் பேசுவான்?” என்று திட்டுவான். ஆறாம் பாகத்தில் விளக்குக்காரி படகோட்டியை நினைத்து, ‘அவன் வருவான்’ என்று சொல்வதாக அவள் எழுதியிருந்தாள். அண்ணன் இரண்டு நாள் சண்டை போட்டான். “இவளுக்கு இருவது வயசு. அவனுக்கு நாப்பது. இவளைத் தூக்கி வளர்த்தவன். அவன், இவன்னு சொல்லுவாளா? அவர் வருவார்னு போடு.” அவன் சொன்னதுதான் சரி. அடுத்த பாகத்திலிருந்து அது மாறியது. அலுவலகத்தின் விதிப் பட்டியலில் நான்காவது விதியாக ஏறியது: விளக்குக்காரி படகோட்டியை எப்போதும் ‘அவர்’ என்பாள். மற்ற எல்லோரும் ‘அவன்’ என்பார்கள்.

1,207ஆம் வரியை அவள் வெள்ளிக்கிழமை தொட்டாள்.

இரண்டே சொல் கொண்ட வரி. திரும்பி வந்தது என்ற வினை. யார் வந்தது, எது வந்தது என்று இல்லை. ஜப்பானிய மொழிக்கு எழுவாய் தேவையில்லை. தமிழும் எழுவாயை விட்டுவிடும். ஆனால் வினையின் வால் காட்டிக்கொடுத்துவிடும். வந்துட்டான், வந்துட்டா, வந்துட்டார், வந்துட்டாங்க, வந்துடுச்சு. ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் வாயைத் திறக்கவே முடியாது.

முன்னும் பின்னும் இருந்த வரிகளைத் துழாவினாள். ‘விளக்கைப் பார்’ என்று ஒரு வரி. ‘இத்தனை வருஷத்துக்கு அப்புறம்’ என்று ஒரு வரி. ‘எல்லாரும் கரைக்கு வாங்க’ என்று ஒரு வரி. நானூறு வரி தள்ளி ‘அங்கே பாருங்கள், கடலில்’ என்று ஒரு வரி. எல்லாவற்றையும் மனதுக்குள் அடுக்கிப் பார்த்தபோது அவளுக்குக் கடலில் ஒரு படகு தெரிந்தது.

ஜப்பானுக்குக் கேள்வி அனுப்பினாள்: 1,207இல் திரும்பி வருவது யார்? சொல்பவர் யார்? தமிழில் அது தெரியாமல் எழுத முடியாது.

செவ்வாய்க்கிழமை பதில் வந்தது: ‘மூலத்தில் உள்ளபடியே தெளிவுபடுத்தாமல் விடவும்.’

கத்தரி எட்டிப் பார்த்தார். “நம்ம பொழப்பைப் பாரு. தெளிவா இருக்காதேன்னு உத்தரவு.”

“வந்தாச்சுன்னு போடலாமா சார்? அதுல யாருன்னு தெரியாது.”

“வந்தாச்சா? யாரோ கடைக்குப் போயிட்டு வந்த மாதிரி இருக்கும்மா. இருபத்தஞ்சு வருஷமாக் காத்துக் கெடந்தவங்க பேசற பேச்சா அது?”

“அப்ப?”

“வந்துட்டான்னு போடு. வேற எவன் வரப்போறான், மின்சாரக் கணக்கெடுக்கறவனா? இந்தப் பாகத்துல இருக்கறதே நாலு பேர். அதுல மூணு பேர் ‘அவன்’னு சொல்றவங்க. காட்சியோட படம் அனுப்புவாங்கல்ல, அப்பப் பாத்துக்கலாம்.”

அவள் ‘திரும்பி வந்துட்டான்’ என்று எழுதினாள். பெட்டிக்குள் அடங்கியது. கத்தரி பக்கத்தில் பச்சைக் குறி போட்டார்.

சனிக்கிழமை காலை அண்ணனுக்கு வலி அதிகமாகி, மருந்து மாத்திரையை மாற்றுவதற்காக ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் படுக்க வைத்திருந்தார்கள். நான்காம் மாடி, ஜன்னலோரக் கட்டில். அண்ணி டீ வாங்கக் கீழே போயிருந்தாள். அண்ணன் கூரையில் இருந்த காற்றோட்டக் கம்பிகளை எண்ணிக்கொண்டிருந்தான். கழுத்தின் பக்கவாட்டில் வீக்கம் முட்டை அளவுக்கு ஆகியிருந்தது.

அவள் நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, குனிந்து, “வந்துட்டான்” என்றாள்.

“யாரு? டாக்டரா?”

“படகோட்டி.”

அண்ணன் திரும்பிப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். “நெஜமா?”

“வரி இருக்கு. நானே எழுதினேன்.”

“எப்படி வர்றான்? படகிலயா? அதே படகா?”

“அதெல்லாம் தெரியாது. கரையில எல்லாரும் நிக்கறாங்க. கடலைப் பாக்கறாங்க. திரும்பி வந்துட்டான்னு ஒருத்தர் சொல்றாங்க. அவ்வளவுதான் இருக்கு.”

“அடேயப்பா,” என்றான். கண்ணிலிருந்து தண்ணீர் காதுப்பக்கம் வழிந்தது. அதைத் துடைக்காமலே சிரித்தான். “அடப்பாவிங்களா. இருபத்தஞ்சு வருஷம் காக்க வெச்சுட்டு... அடேயப்பா.”

அண்ணி டீயோடு உள்ளே வந்தபோது அவன் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். “அந்த மருந்துக்கு எப்ப வரணும்னு கேளு,” என்றான் அண்ணியிடம்.

“எந்த மருந்து?”

“அஞ்சு பேர்ல ஒருத்தர் மருந்து. போட்டுக்கறேன். அக்டோபர் ஒம்பது வரைக்கும் ஓட்டினாப் போதும். அந்த எடத்தை நான் என் கண்ணால பாக்கணும்.”

அண்ணி டீக் கோப்பையை மேஜையில் வைத்தாள். பிறகு வெளியே வந்து, நடைபாதையில், மொழிபெயர்ப்பாளரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். “பத்து நாளாக் காலைப் பிடிச்சுக் கெஞ்சினேன், கேக்கல. நீ என்ன சொன்னே?”

“சும்மா பேசிக்கிட்டு இருந்தோம் அண்ணி.”

“நீ நல்லா இருப்பே,” என்றாள் அண்ணி.

முதல் ஊசி பிப்ரவரி இருபத்தேழு. பதினைந்து நாளுக்கு ஒரு தடவை. ஏறி முடிக்க ஆறு மணி நேரம். மூன்றாம் நாளே வாயெல்லாம் புண். தண்ணீர் கண்ணாடித் தூளை விழுங்குவதுபோல இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினான், பேச முடியாததால். சூப்பை ஆறவைத்து, உறிஞ்சுகுழலில் கொடுத்தார்கள். பாதி வாந்தியாக வந்தது. அண்ணி கடைக்கு விடுப்புப் போட்டாள். இரண்டாவது ஊசி மார்ச் பதின்மூன்று. அதற்குப் பிறகு விரல் நுனிகள் மரத்துப்போயின. சட்டைப் பொத்தான் போட வரவில்லை. அண்ணி அவனுடைய பழைய கைவிளையாட்டுப் பெட்டியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் அதை வாங்கி, கட்டைவிரலால் தடவிப் பார்த்து, திருப்பி வைத்துவிட்டான்.

“பட்டன் எங்க இருக்குன்னே தெரியல. கையுறை போட்ட மாதிரி இருக்கு,” என்றான். “அக்டோபருக்குள்ள சரியாயிடுமாம். நர்ஸ் சொன்னா.”

நர்ஸ் அப்படிச் சொல்லவில்லை. சிலருக்குச் சரியாகும், சிலருக்கு ஆகாது என்றுதான் சொன்னாள். அப்போது மொழிபெயர்ப்பாளரும் பக்கத்தில் இருந்தாள்.

மார்ச் பத்தொன்பதாம் தேதி படம் வந்தது. இறுதி அத்தியாயத்தின் காட்சிகள், குரலோடும் இசையோடும், சரியான வரிசையில். தமிழ் எழுத்துகள் திரையில் சரியாக விழுகின்றனவா என்று பார்ப்பதற்காக. இருட்டு அறையில் அவளும் கத்தரியும் மட்டும் உட்கார்ந்து பார்த்தார்கள்.

பன்னிரண்டாவது தீவின் கரை. கொல்லன், பாட்டுக்காரி, சிப்பாய், விளக்குக்காரி, நாலு பேரும் நிற்கிறார்கள். சண்டை முடிந்துவிட்டது, மூட்டத்தை விரட்டிவிட்டார்கள். சிரிக்கிறார்கள். ‘இத்தனை வருஷத்துக்கு அப்புறம்’ என்கிறான் கொல்லன், தெளிந்த வானத்தைப் பார்த்து. பாட்டுக்காரி ‘எல்லாரும் கரைக்கு வாங்க’ என்று ஊர்க்காரர்களைக் கூப்பிடுகிறாள். ‘அங்கே பாருங்கள், கடலில்’ என்கிறது ஏதோ ஒரு குரல். கடலின் விளிம்பு முழுவதும், ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை, வெள்ளையாக ஒரு சுவர் எழுந்து வருகிறது. விளக்குக்காரியின் முகம் திரை முழுக்க வருகிறது. உதடு அசைகிறது. கீழே அவள் எழுதிய எழுத்து: திரும்பி வந்துட்டான்.

கத்தரி படத்தை நிறுத்தினார்.

“மூட்டம்,” என்றார்.

மீதியையும் பார்த்தார்கள். யாரும் ஓடவில்லை. ஓட இன்னொரு தீவு இல்லை. விளக்குக்காரி படியேறிப் போய் விளக்கைத் தன் கையால் அணைக்கிறாள். வெள்ளை. பிறகு பெயர்ப்பட்டியல். படகோட்டி எங்கும் வரவில்லை. அவனைப் பற்றி ஒரு பேச்சுகூட இல்லை.

“சரி, நல்லவேளை, இப்பவாவது பாத்தோம்,” என்றார் கத்தரி. “வந்துடுச்சுன்னு மாத்திடு. ஒரு நிமிஷ வேலை.” பிறகு அவள் பக்கம் திரும்பினார். “ஏம்மா, என்னாச்சு? தப்பு எல்லாருக்கும் வர்றதுதானே? நானும்தானே பச்சை போட்டேன்?”

அவள் மாற்றினாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அன்றைக்கு மாலையே அண்ணியிடம் சொன்னாள். லிப்டுக்குப் பக்கத்தில், மூன்றாம் மாடியில், இருவரும் நின்றுகொண்டு. அண்ணிக்கு முதலில் புரியவில்லை. விளையாட்டு, மூட்டம், வினை என்று எதையும் அவள் காதில் வாங்கவில்லை. கடைசியில், “அப்படின்னா அந்த ஆளு வரல. நீ வர்றான்னு சொன்னதாலதான் இவர் ஊசி போட்டுக்கறார். அதானே?” என்றாள்.

“ஆமா அண்ணி.”

“சொல்லாதே.”

“அண்ணி, அவனுக்கு வாயில தோல் உரிஞ்சு தொங்குது. விரல் செத்துப்போச்சு. எதுக்காகன்னு அவனுக்குத் தெரிய வேணாமா?”

“எனக்காகன்னு வெச்சுக்கோ,” என்றாள் அண்ணி. “உனக்கு அண்ணன். எனக்கு வீட்டுக்கு வந்தாக் கதவைத் திறந்துவிட வேற ஆளு இல்ல. பொய்யோ நெஜமோ, இருக்கட்டும். அஞ்சு பேர்ல ஒருத்தர் அவரா இருக்கக் கூடாதா?”

அண்ணன் லிப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் வெளியிலிருந்து எப்போதும் உண்மையான நேரத்தைத்தான் சொல்வான். ஒரு மணி நேரம் ஆகும் என்றால் ஒரு மணி நேரம் என்பான். பத்து நிமிடம் என்று சொல்லி ஏமாற்றினால், பதினோராவது நிமிடத்தில் கதவை உடைக்க ஆரம்பித்துவிடுவார்கள் என்பது அவனுடைய தொழில் அனுபவம். அதை அண்ணியிடம் சொல்லலாமா என்று நினைத்தாள். சொல்லவில்லை. “சரி அண்ணி,” என்றாள்.

மூன்றாவது ஊசி மார்ச் இருபத்தேழு. அதன்பின் காய்ச்சல் வந்து, அவனைத் தனி அறைக்கு மாற்றினார்கள். பார்க்க வருகிறவர்கள் முகத்தை மூடிக்கொண்டு, மேலங்கி போட்டுக்கொண்டு வர வேண்டும். அவளுக்கு அது வசதியாக இருந்தது. கண் மட்டும்தான் வெளியே தெரியும்.

ஏப்ரல் மூன்றாம் தேதி வியாழக்கிழமை பிற்பகல் அவள் போனபோது அவன் விழித்திருந்தான். எடை பதினோரு கிலோ குறைந்திருந்தது. கன்னம் ஒட்டிப் பல் பெரிதாகத் தெரிந்தது. வாய்ப்புண் கொஞ்சம் ஆறியிருந்ததால் மெதுவாகப் பேச முடிந்தது.

“வேலை முடிஞ்சுதா?” என்றான்.

“முடிஞ்சுது. போன வாரமே அனுப்பியாச்சு.”

“அந்த வரியை ஒரு தடவை சொல்லு. நீ எழுதின மாதிரியே.”

“எந்த வரி?”

“எந்த வரியாம்.”

அவள் முகமூடியைச் சரிசெய்தாள். “திரும்பி வந்துட்டான்.”

அண்ணன் கண்ணை மூடி அதைக் கேட்டான். உதட்டை அசைத்துத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தான். பதினைந்து வருடமாக அவளுடைய ஒவ்வொரு வரியையும் அப்படித்தான் சொல்லிப் பார்த்திருக்கிறான்.

“யாரு சொல்றா அதை?”

“விளக்குக்காரி,” என்றாள். யோசிக்காமல் வந்துவிட்டது.

அண்ணன் கண்ணைத் திறந்தான். “அவ எப்படி வந்துட்டான்னு சொல்லுவா?”

அவள் பஞ்சுப் பெட்டியை மேஜையில் நகர்த்தி வைத்தாள்.

“வந்துட்டார்னுதானே சொல்லுவா. இதுக்குத்தான் உன்கூட ரெண்டு நாள் சண்டை போட்டேன். நீ போய் விதியெல்லாம் எழுதினியே.”

“கவனிக்கல. மாத்திடறேன்.”

“நீயா கவனிக்கல?” அவன் தலையைத் தலையணையில் மெல்லத் திருப்பினான். “அனுப்பியாச்சுன்னு சொன்னே. எப்படி மாத்துவே?”

மருந்துக் குழாயில் சொட்டு விழுவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“யாரு பேசறான்னு மொதல்ல உனக்குத் தெரியலன்னு சொன்னே. இப்பத் தெரியுது. அப்ப படத்தோட பாத்துட்டே.”

“ம்.”

“எப்ப?”

“பதினஞ்சு நாள் ஆச்சு.”

அண்ணன் தலையைக் கூரைப் பக்கம் திருப்பினான். பிறகு கேட்டான். யார் என்று கேட்கவில்லை.

“என்ன வந்துச்சு?”

“மூட்டம்,” என்றாள்.

வெளியே நடைபாதையில் யாரோ சக்கர மேஜையைத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஒரு சக்கரம் கிறீச்சிட்டது.

“படகோட்டி?”

“வரல. அவன் பேச்சே இல்ல.”

“யாராவது மிஞ்சறாங்களா?”

“இல்ல. விளக்கை அவளே அணைச்சுடறா. அப்புறம் வெள்ளையாயிடுது. அப்புறம் பேர் எல்லாம் வருது.”

“உன் பேர் வருதா?”

“வராது. கம்பெனி பேர் மட்டும்தான் போடுவாங்க.”

அவன் சிரிக்கப் பார்த்தான். உதட்டில் புண் விரிந்து ரத்தம் கசிந்தது. அவள் பஞ்சால் ஒற்றினாள். “பதினஞ்சு வருஷம் நானும் ஓசியிலயே வேலை பாத்திருக்கேன்,” என்றான்.

“என்னை மன்னிச்சுடுண்ணா. நான் ஊகத்துலதான் எழுதினேன். தெரியாமத்தான் உன்கிட்ட வந்து சொன்னேன்.”

“தெரியாமச் சொன்னது சரி,” என்றான். “தெரிஞ்ச அப்புறம் ஒரு ஊசி போட்டாங்களே.”

அண்ணி சொல்ல வேண்டாம் என்றாள் என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவனாகவே, “அவ சொல்ல வேணாம்னு சொல்லியிருப்பா,” என்றான். “அவளைச் சொல்லிக் குத்தமில்ல.” பிறகு சுவர்ப் பக்கம் பார்த்துக்கொண்டு, “டாக்டரம்மாவைக் கொஞ்சம் வரச்சொல்லு” என்றான்.

டாக்டரம்மா நாலு மணிக்கு வந்தார். அண்ணியும் இருந்தாள். நாலாவது ஊசி ஏப்ரல் பத்தாம் தேதி போடுவதாக இருந்தது. கடைசி ஸ்கேனில் கட்டி சுருங்கவில்லை, வளரவும் இல்லை. இன்னும் இரண்டு ஊசி போட்டுப் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்றார் அவர். வேண்டாம் என்றான் அண்ணன். யோசித்துச் சொல்லுங்கள் என்றார். யோசித்துவிட்டேன் என்றான். அண்ணி கட்டிலின் மறுபக்கம் நின்றுகொண்டிருந்த மொழிபெயர்ப்பாளரை, முகமூடிக்கு மேலே தெரிந்த கண்ணை மட்டும், பார்த்துக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டாம் தேதி சனிக்கிழமை அவனை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வலிக்கு மட்டும் மருந்து. சோபாவை நகர்த்திவிட்டுக் கட்டிலைக் கூடத்தில் போட்டார்கள். மொழிபெயர்ப்பாளர் தினமும் வேலை முடிந்து ஐந்தாம் மாடிக்குப் போனாள். அண்ணி கதவைத் திறந்துவிட்டு உள்ளறைக்குப் போய்விடுவாள். அண்ணனும் தங்கையும் வேறு விஷயங்கள் பேசினார்கள். பெரும்பாலும் அவன் தூங்கினான்.

ஏப்ரல் இருபத்தொன்பதாம் தேதி காலை ஏழேகாலுக்கு அவன் இறந்துபோனான். ஜூன் மாதம் அண்ணி வீட்டைக் காலி செய்துகொண்டு வேறு ஊரில் இருந்த தன் அக்கா வீட்டுக்குப் போனாள். புது முகவரியைக் கட்டட அலுவலகத்தில் கொடுத்தாள். மூன்றாம் மாடியில் கொடுக்கவில்லை.